புளூகிலுக்கு ஏற்ற தூண்டில்: அல்ட்ராலைட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரம் ஓடினால் ஸ்கூகொக் ஏரி, இன்னும் கொஞ்சம் ஓடினால் ரைஸ் ஏரி. மே மாதம் பிறந்துவிட்டால் இந்த இரண்டு ஏரிகளின் கரைகளிலும் சனி ஞாயிறுகளில் தமிழ்க் குரல்கள் கேட்கும். பிள்ளைகள், பாட்டா பாட்டிமார், சாப்பாட்டுப் பெட்டி, மடக்குக் கதிரை, கூடவே ஒரு தடித்த தூண்டில் கம்பு. புளூகில் போன்ற சின்ன ஏரி மீன்களை இலேசான தூண்டிலால் பிடிப்பது பற்றிப் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் வருசா வருசம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சொல்வது எல்லாம் தெற்கு ஒன்ராறியோ ஏரிகளுக்கானது.

சன்ஃபிஷ், பான்ஃபிஷ் என்று சொல்லுகினம். இரண்டும் ஒரே மீனோ?

இல்லை. பான்ஃபிஷ் என்பது ஓர் இனத்தின் பெயரே இல்லை. வெட்டாமல் முழுதாய்த் தாச்சிக்குள் அடங்குகிற சின்ன மீன்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். சன்ஃபிஷ் அதற்குள் ஒரு குடும்பம்.

எங்கள் ஏரிகளில் அதிகம் அகப்படுவது புளூகில். திலாப்பியாக் குஞ்சைப் பக்கவாட்டில் இன்னும் தட்டையாக்கியது போல இருக்கும். செவுள் மூடியின் பின்நுனியில் காதுபோல ஒரு கறுப்பு மடல், முதுகுச் செட்டையின் பின்பகுதியில் ஒரு கருந்திட்டு, செவுளுக்குக் கீழே நீலச் சாயல். அதன் உறவுதான் பம்கின்சீட். காது மடலின் ஓரத்தில் செம்மஞ்சள் பொட்டு, கன்னத்தில் நெளிநெளியாய் நீலக்கோடுகள். ஏரியில் இதைவிட வடிவான மீனை நான் பார்த்ததில்லை. இரண்டும் கலந்து பிறந்த கலப்பினமும் உண்டு, ஆகவே ஒரு மீனைப் பார்த்து எதுவென்று முடிவு கட்ட முடியாவிட்டால் வியப்பில்லை.

றொக் பாஸுக்குக் கண் சிவப்பு. கிராப்பி வெள்ளி உடம்பில் கறுப்பு மை தெறித்தது போலிருக்கும், வாய் பெரிது, உதட்டுத் தோல் கடதாசி மாதிரி மெல்லியது. மஞ்சள் பேர்ச் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் அதே தூண்டிலில்தான் வரும், தாச்சிக்கும் அதே வழியில்தான் போகும்.

அல்ட்ராலைட் என்றால் என்ன? சாதாரணத் தூண்டிலில் இந்த மீன் வராதா?

வரும். ஆனால் பத்துத் தரம் கொத்தினால் ஒன்பது தரம் உங்களுக்குத் தெரியாது.

ஒரு கைப்பிடி அளவுப் புளூகில் 100 முதல் 200 கிராம்தான் இருக்கும். அது இரையைக் கடித்து இழுப்பதில்லை. நெருங்கி வந்து, ஒரு கணம் அசையாமல் நின்று பார்த்து, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். வாய்க்குள் போனது ஏதோ பாரமாய், விறைப்பாய்ப் பட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். தடித்த தங்கூசி (தூண்டில் நூல்), பெரிய முள், பந்துபோன்ற தக்கை என்று எது இருந்தாலும் அந்த உறிஞ்சலை எதிர்க்கும். மீன் துப்பும்.

அதனால் அல்ட்ராலைட் என்பதை மெல்லிய கம்பு என்று மட்டும் விளங்கிக்கொள்ள வேண்டாம். கம்பு, தங்கூசியைச் சுற்றிவைக்கிற றீல், தங்கூசி, தக்கை, ஈயம், முள், இரை எல்லாமே அந்த 150 கிராம் மீனின் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி தடித்தாலும் மற்றவற்றின் மென்மை வீணாகிறது. நூறு டொலர் கம்பில் இரண்டு டொலர் பந்துத் தக்கையைக் கட்டி, மீனே இல்லை என்று திரும்பிப் போனவர்களை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம், இந்த மீனின் வலிமை. முள் பட்டதும் புளூகில் நேராக ஓடாது. தட்டையான உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தண்ணீரை அணைத்துக்கொண்டு வட்டமடிக்கும். மெல்லிய கம்பில் அது கைப்பிடி வரை துடிக்கும். தடித்த கம்பில் ஒரு ஈர இலையை இழுத்த மாதிரி வந்து சேரும். அவ்வளவு துணிவோடு போராடுகிற மீனுக்கு அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

கடையில் நூறு கம்பு நிற்குது. எதை எடுக்கிறது?

கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். அல்ட்ராலைட் என்று இருக்க வேண்டும். தங்கூசி தாங்கும் நிறை 2 முதல் 6 இறாத்தல், எறிபாரம் 1/32 முதல் 1/4 அவுன்ஸ் வரை என்று இருந்தால் அது உங்கள் கம்பு. 1/8 அவுன்ஸில்தான் தொடங்குகிறது என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தூண்டிலை எறியும்போது தூரத்துக்குக் கொண்டுபோவது கம்பின் வளைவுதான். பாரம் கம்பை வளைக்கும், கம்பு நிமிரும்போது பாரத்தை வீசும். 1/16 அவுன்ஸ் என்பது 1.8 கிராம், அதாவது சட்டைப் பையில் கிடக்கிற கனடாப் பத்துச் சத நாணயத்தின் நிறை. 1/32 அவுன்ஸ் அதில் பாதி. பாதி நாணயத்தால் வளையக்கூடிய கம்பு வேண்டும். விறைத்த கம்பில் அது காலடியிலேயே விழும்.

நீளத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு. கரையில் நின்று எறிபவருக்கு ஆறரை அடி, ஏழு அடி நல்லது. தூரம் போகும், தங்கூசியைக் கோரைக்கு மேலாகத் தூக்கிப் பிடிக்கலாம். தோணியிலிருந்தோ, மரக்கிளை தாழ்ந்த கரையிலோ ஐந்து, ஐந்தரை அடி போதும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ஆறரை அடி வாங்குங்கள். நுனி மெல்லியதாய், சட்டென்று வளைய வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, கம்பும் றீலும் சேர்ந்து வருகிற ஆரம்ப நிலைச் சோடியே முதல் இரண்டு வருசத்துக்குத் தாராளம். மிஞ்சிய காசை நல்ல தங்கூசியிலும் தக்கையிலும் போடுங்கள்.

றீல்?

500 அல்லது 1000 இலக்கமுள்ள சின்ன ஸ்பின்னிங் றீல். பெரிது வேண்டாம், கம்பின் நிறை பின்பக்கம் சாய்ந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியது பளபளப்பையோ பெயரிங் எண்ணிக்கையையோ அல்ல, டிராக்கைத்தான். மீன் இழுக்கும்போது தங்கூசியை விட்டுக்கொடுக்கிற பகுதி அது. தளர்த்திவிட்டுக் கையால் இழுத்துப் பாருங்கள். திக்கித் திக்கி வந்தால் மெல்லிய தங்கூசி அந்தத் திக்கலில்தான் அறும். வெண்ணெய்போல வழுக்கி வரவேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு நான் செய்வது இதுதான்: தங்கூசி நுனியில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிக் கம்பால் தூக்குவேன். போத்தல் எழும்பத் தொடங்கும் நேரத்தில் டிராக் மெல்ல நழுவ வேண்டும். 4 இறாத்தல் தங்கூசி தாங்குவது 1.8 கிலோ. அதில் கால்வாசியைச் சற்றுத் தாண்டியதும் நழுவினால் போதுமான காப்பு இருக்கிறது.

ஸ்பூலை விளிம்பு முட்டச் சுற்றாதீர்கள், இரண்டு மூன்று மில்லிமீற்றர் விடுங்கள். எறிந்தபின் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுழற்றி மூடாமல் விரலால் மூடுங்கள். சின்ன றீலில் தங்கூசி முறுக்கிக்கொண்டு குருவிக்கூடாவதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டும்தான்.

தங்கூசி எத்தனை இறாத்தல்? பின்னல் நூல் போடலாமா?

4 இறாத்தல் நைலோன். இதற்குமேல் யோசிக்கவே தேவையில்லை.

அதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். 10 இறாத்தலுக்கு அது 0.3-ஐ நெருங்கும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம், எறியும்போது பெரிய வித்தியாசம். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிற நாட்களில் 2 இறாத்தலுக்கு இறங்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். பாஸ் என்கிற பெரிய மீன் ஒன்று வந்துவிட்டால் கை நடுங்கும்.

ஃபுளூரோகார்பன் என்கிற இன்னொரு வகைத் தங்கூசி தண்ணீரைவிட நன்றாகக் கனமானது, அமிழும். ஜிக் என்கிற பாரத்தலை முள்ளைத் தக்கையில்லாமல் நேரடியாக இழுப்பவர்களுக்கு அது உதவும். தக்கை கட்டுகிறவர்களுக்கு உபத்திரவம், தக்கைக்கும் கம்புக்கும் இடையில் தொய்ந்து தாழ்ந்துபோகும். பின்னல் நூல் மிதக்கும், நீளாது, ஒரு சின்னத் தொடுகை கூட விரலுக்குத் தெரியும். அதையே கிராப்பிக்கு நான் விரும்புவதில்லை. அந்த மெல்லிய உதடு கிழியாமல் காப்பது நைலோனின் நீட்சிதான்.

வருசத்துக்கொரு தரம் புதிதாய்ச் சுற்றுங்கள். பழையதைக் கரையில் வீசாதீர்கள். பறவையின் காலில் தங்கூசி சுற்றியிருப்பதை ஒருமுறை பார்த்தவர் பிறகு ஒரு முழத்தைக்கூடத் தரையில் விடமாட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து சின்னச் சின்னதாய் வெட்டிக் குப்பையில் போடலாம்.

தக்கையைப் பற்றி நெடுகச் சொல்லுறீங்கள். அதில் அப்படி என்ன இருக்கு?

எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஊரில் குளத்தடியில் நாங்கள் சிறுவர்களாய் இருந்தபோது ஒரு பெரியவர் மயிலிறகுக் காம்பைத் துண்டாக்கித் தக்கையாகக் கட்டுவார். நாங்கள் இறப்பர்ச் செருப்பை வெட்டிக் கட்டுவோம். அவருக்கு மீன் வரும், எங்களுக்கு வராது. அந்தக் காம்பு தண்ணீருக்கு மேலே நெல்மணி அளவுதான் தெரியும். காரணம் இந்த ஏரிகளுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கணக்குப் பாருங்கள். கடையில் தொங்குகிற சிவப்பு வெள்ளைப் பந்து 4 சென்ரிமீற்றர் விட்டம் என்றால் அது 33 கன சென்ரிமீற்றர் தண்ணீரை ஒதுக்கும். அதை முழுதாய் அமிழ்த்த ஏறத்தாழ 30 கிராம் விசை வேண்டும். புழுத்துண்டை உறிஞ்சுகிற புளூகில் அத்தனை விசையை எங்கே தேடும்? பந்து கொஞ்சம் ஆடும், நீங்கள் காற்று என்று நினைப்பீர்கள், புழு போயிருக்கும். பென்சில்போல ஒல்லியான தக்கையைக் கட்டி, நுனி மட்டும் வெளியே தெரியும்வரை சின்னக் குண்டுகளைக் கவ்விவிட்டால், ஒன்றிரண்டு கிராம் விசைக்கே அது மறையும்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் தக்கை, குண்டு, முள் மூன்றையும் போட்டு நுனி மட்டும் தெரியும்வரை குண்டைக் கூட்டிக் குறையுங்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. கடைசிக் குண்டு முள்ளுக்கு 15, 20 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். இரை இயல்பாய் மெல்ல இறங்கும்.

இன்னொன்று: தக்கை அமிழ்வது மட்டும் கொத்தல் இல்லை. மீன் இரையை எடுத்துக்கொண்டு மேலே வந்தால் தக்கை எழும்பிச் சாய்ந்து படுக்கும். அதுவும் கொத்தல்தான், மெல்ல மணிக்கட்டை உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுக்கத் தேவையில்லை.

ஆழம் கம்பின் நீளத்தைவிட அதிகமான இடத்தில் வழுக்குத் தக்கை வேண்டும். தங்கூசி அதற்குள்ளால் ஓடும், தேவையான ஆழத்தில் ஒரு நூல் முடிச்சு அதை நிறுத்தும். கிராப்பி தன் தலைக்கு மேலே உள்ளதைப் பார்த்துத்தான் எழும்பி எடுக்கும். ஆழம் தெரியாவிட்டால் மேலாக நிறுத்துவதே நல்ல வழி.

முள், இரை?

முள்ளின் இலக்கம் கூடக் கூட அளவு சிறுக்கும், இதைப் பலர் மாறி விளங்கிக்கொள்கிறார்கள். புளூகிலின் வாய் சுண்டுவிரல் நுனி அளவு. 8 அல்லது 10 இலக்க முள், மெல்லிய கம்பி, நீண்ட தண்டு. அபர்டீன் என்று பொதியில் எழுதியிருக்கும். நீண்ட தண்டு கழற்றுவதற்கு வசதி. மெல்லிய கம்பி களையில் சிக்கினால் நிமிர்ந்து வந்துவிடும், திருப்பி வளைத்துக்கொள்ளலாம். பின்முள்ளைக் குறட்டால் அமுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது.

இரைக்கு மண்புழு. முழுப் புழுவைத் தொங்கவிடாதீர்கள், வாலிலிருந்து கொறித்துக்கொண்டே போய்விடும். முள் நுனியை மூடுமளவு ஒரு சென்ரிமீற்றர் துண்டு போதும், ஒரு புழுவில் ஐந்தாறு மீன் பிடிக்கலாம். கடைகளில் டப்பாவில் விற்கிற பெரிய புழுக்கள் தென்மேற்கு ஒன்ராறியோ வயல்களில் இரவில் ஆட்கள் குனிந்து கையால் பொறுக்கியவை. மிஞ்சியதைக் காட்டுக்குள் கொட்டாதீர்கள். இந்த மண்ணைப் பனிப்பாறைகள் மூடியிருந்த காலத்துக்குப் பிறகு இங்கு மண்புழுவே இருக்கவில்லை. இப்போதிருப்பவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, காட்டின் இலைச் சருகைத் தின்று அடியையே மாற்றிவிடுகின்றன.

புழுவைத் தொட மனமில்லை. வேறு வழி?

ஜிக். பாரமான உலோகத் தலையோடு சேர்ந்த முள், அதில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குல மென்பிளாஸ்ரிக் வால். என் பெட்டியில் 1/64, 1/32, 1/16 என்று மூன்று நிறைதான். தக்கைக்குக் கீழே 1/64, சும்மா எறிந்து இழுக்க 1/32, காற்றுக்கும் ஆழத்துக்கும் 1/16.

நிறத்தைப் பற்றி மணிக்கணக்காய் விவாதிப்பார்கள். வெள்ளையும் கறுப்பும் சாட்ரூஸ் பச்சையும் இருந்தால் எனக்குப் போதும். விழுகிற வேகம்தான் முக்கியம் என்று நம்புகிறேன். இலேசான ஜிக் மெல்ல விழும். நின்று பார்த்து முடிவெடுக்கிற மீனுக்கு அந்த அவகாசம் வேண்டும். எறிந்ததும் சுற்றத் தொடங்காதீர்கள். ஐந்து எண்ணுங்கள், இரண்டு சுற்று, பிறகு நிறுத்தம். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் கொத்தும்.

சுழலும் தகடுள்ள சின்ன ஸ்பின்னர்களும் நல்லவை, குறிப்பாக றொக் பாஸுக்கும் பேர்ச்சுக்கும். அவை தங்கூசியை முறுக்கும், ஆகவே ஒரு சின்னச் சுழல் கொக்கி கட்டுங்கள்.

ஆறு வயது மகனுக்கு ஸ்பின்னிங் றீல் சரிவருமா?

அவனுக்கு அமுக்குப் பொத்தான் றீல் வாங்குங்கள். தங்கூசி மூடிக்குள் இருக்கும், பொத்தானை அமுக்கி விட்டால் எறிபடும். ஸெப்கோ 33 என்ற மாதிரி 1954-இலிருந்து விற்கிறது. அந்த நிறுவனம் முதலில் ஒக்லகோமாவின் ரல்சாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிப்பொருள் செய்தது. பெயரே ஸீரோ அவர் பொம் கொம்பனி, அதன் சுருக்கம்தான் ஸெப்கோ. கடைகளில் சாமான் கட்டும் நூலுருண்டையிலிருந்து நூல் இலகுவாய்க் கழல்வதைப் பார்த்து ஆர். டி. ஹல் என்ற மணிக்கூடு திருத்துபவர் இந்த றீலை யோசித்தார் என்பார்கள். அதன் சின்ன வடிவமும் கிடைக்கிறது, சிறு கைக்கு அதுவே பொருத்தம்.

இன்னும் சின்னப் பிள்ளை என்றால் றீலே வேண்டாம். எட்டு அடி மூங்கில் அல்லது இழுத்து நீட்டுகிற கம்பு, நுனியில் அதே நீளத் தங்கூசி, தக்கை, முள். எங்கள் ஊர்த் தூண்டில் அதுதானே. ஜூன் மாதத்தில் படகுத்துறை ஓரமாய் இதை வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை பெரியவர்களைவிட அதிகம் பிடிக்கும்.

வாங்குமுன் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒன்ராறியோவில் டக்கிள்ஷெயர் என்ற திட்டம் இருக்கிறது. சில பொது நூலகங்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் கம்பும் றீலும் இலவசமாய் இரவல் தருவார்கள்.

பெரிய மீன் ஒன்று மாட்டினால் அறுந்துபோகாதா?

பைக் என்கிற வேட்டை மீன் என்றால் அறும், அதன் பல் தங்கூசியை வெட்டிவிடும். பாஸ் என்றால் பெரும்பாலும் தப்பலாம். கம்பை உயர்த்திப் பிடியுங்கள், டிராக் ஓடட்டும், அது ஓடும்போது றீலைச் சுற்றவே கூடாது. ஆனால் நெடுநேரம் களைக்க விடாதீர்கள். கோடை வெந்நீரில் களைத்துப்போன மீன் விட்டபின்னும் பிழைப்பது கடினம். பாஸ் பருவம் வசந்தத்தில் மூடியிருக்கும். அந்த நாட்களில் தற்செயலாய் வந்தால் படம் எடுக்கவும் நிற்காமல் உடனே விடவேண்டும்.

சன்ஃபிஷே எவ்வளவு பெரிதாகும் என்று கேட்பவர்களுக்கு: உலகச் சாதனைப் புளூகில் 4 இறாத்தல் 12 அவுன்ஸ், 1950-இல் அலபாமாவின் கெற்றோனா ஏரியில் பிடிபட்டது. இரண்டு கிலோவுக்கு மேல். இங்கே 25 சென்ரிமீற்றர் தொட்டாலே வாழ்நாளில் மறக்கமாட்டீர்கள்.

எப்போது, எங்கே நிற்பது?

ஏப்ரலில் பனி உருகியதும் ஏரியின் வடக்குக் கரையில் உள்ள ஆழமில்லாத, அடி கறுத்த குடாக்களைத் தேடுங்கள். தெற்கு வெயில் நேரே விழும், வடகாற்று படாது, கறுப்புச் சேறு சூட்டை வாங்கும். ஏரியின் மற்ற இடங்களைவிடச் சில பாகை சூடாயிருந்தாலே கிராப்பியும் புளூகிலும் அங்கே கூடிவிடும்.

தண்ணீர் 20 பாகை செல்சியஸ் தாண்டும்போது, இங்கே அநேகமாய் ஜூனில், சன்ஃபிஷ் கூடு கட்டும். மணலில் சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டக் குழிகள், ஒன்றோடொன்று ஒட்டி, கும்பலாய்த் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் காவல் நிற்கும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஜூலை, ஓகஸ்ட்டில் பெரியவை களைப்பற்றையின் வெளிவிளிம்புக்கு, 2 முதல் 4 மீற்றர் ஆழத்துக்குப் போய்விடும். கரையில் நிற்பது குஞ்சுகள். விடியலும் மாலையும்தான் கரைக்காரருக்கு. பாலத்து நிழலும், விழுந்து கிடக்கும் மரமும், படகுத்துறையின் அடியும் எந்த நேரமும் ஒரு தரம் பார்க்கத் தகுந்தவை.

அனுமதிப்பத்திரம் வேணுமா? ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து நிக்கினம்.

ஒன்ராறியோவில் 18 முதல் 64 வயது வரை பொதுவாக எல்லோருக்கும் வேண்டும். 18-க்குக் கீழேயும், 65-உம் அதற்கு மேலும் உள்ள கனடா வாசிகளுக்கு வயதைக் காட்டும் அரசாங்க அடையாள அட்டையே போதும். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள்: ஊரிலிருந்து விருந்தாய் வந்த 70 வயது அப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் கனடா வாசி அல்ல, வெளிநாட்டவருக்கான பத்திரம் எடுக்க வேண்டும்.

அன்னையர் தினம், தந்தையர் தினம் ஒட்டிய வார இறுதிகளிலும் கோடைத் தொடக்கத்தில் ஒரு வாரமும் கனடா வாசிகள் பத்திரமின்றிப் பிடிக்கலாம். அப்போதும் எண்ணிக்கை எல்லைகள் உண்டு. மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாய்ப் பிரிந்திருக்கிறது. ரைஸ் ஏரி 17-இல், சிம்கோ ஏரி 16-இல், ரொறன்ரோவின் ஒன்ராறியோ ஏரிக்கரை 20-இல். பருவமும் எல்லையும் வலயத்துக்கு வலயம் மாறும், போகும் ஏரியின் வலயத்தை அந்த வருசக் கையேட்டில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஈயக் குண்டு கூடாது என்று ஒருத்தர் ஏசினார். உண்மையோ?

கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஈய ஜிக்கும் 1997-இலிருந்து தடை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களிலும் தடை உண்டு. லூன் பறவை ஏரி அடியிலுள்ள கூழாங்கற்களை விழுங்கி இரைப்பையில் வைத்து அரைக்கும். கல்லென்று நினைத்து ஒரு சின்ன ஈயக்குண்டை விழுங்கினாலே அது செத்துவிடும். மற்ற ஏரிகளில் சட்டம் தடுக்காவிட்டாலும் நான் ஈயத்தை விட்டுப் பல வருசமாகிறது. குண்டுக்குத் தகரம், ஜிக்குக்கு ரங்ஸ்ரன். ரங்ஸ்ரன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, அதனால் அதே நிறை இன்னும் சின்னதாய் வரும். பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிப்பவர்கள் அதை விரும்புவது இதனால்தான்.

மீன் முள்ளை விழுங்கிவிட்டது. என்ன செய்ய?

விடப்போகிறீர்களா, கொண்டுபோகப் போகிறீர்களா? கொண்டுபோவதென்றால் பிரச்சினை இல்லை. விடுவதென்றால் கிண்டாதீர்கள். முள்ளுக்குக் கிட்டத் தங்கூசியை வெட்டிவிட்டு விடுங்கள். புளூகில்களை வைத்துக் கனடிய ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். ஆழத்தில் விழுங்கிய முள்ளைப் பிடுங்கியவற்றைவிட, தங்கூசியை வெட்டி விட்டவை கூடுதலாய்ப் பிழைத்தன. பல மீன்கள் சில நாட்களில் முள்ளைத் தாமாகவே வெளியேற்றியும்விட்டன. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். முதுகு முள் குத்தாமலிருக்கத் தலைப்பக்கமிருந்து உள்ளங்கையால் செட்டையைப் படியத் தடவிப் பிடியுங்கள்.

கூட்டில் நிற்கிற பெரியதுகள் லேசாய் அகப்படுது. அதுகளையே எடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவையும் எழுதினேன்.

கூட்டில் நிற்பது தகப்பன். வாலால் மணலை விலக்கிக் குழி தோண்டுவதும், முட்டைக்குச் செட்டையால் காற்று வீசுவதுபோல் தண்ணீர் வீசுவதும், வருகிற எதிரியை விரட்டுவதும் அதுதான். தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் நிற்கும் நாட்களில் தகப்பன் கிட்டே வருகிற எதையும் கடிக்கும், அதனால்தான் லேசாய் அகப்படுகிறது. அதைத் தூக்கிய சில நிமிடங்களில் பேர்ச்சும் மற்றப் புளூகில்களும் முட்டையைத் தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று. கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒப்பினிக்கன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிறது. மார்ட் கிரோஸ் போன்ற ஆய்வாளர்கள் அங்கே புளூகிலை நெடுங்காலம் கவனித்தார்கள். எல்லா ஆணும் தகப்பனாவதில்லை. சில ஆண்கள் இரண்டு மூன்று வயதில், சின்னதாய் இருக்கும்போதே முதிர்ந்து, பெரிய ஆணின் கூட்டுக்குள் திருட்டுத்தனமாய்ப் புகுந்து விந்தை விட்டு ஓடும். தகப்பனாகிற ஆண் ஏழு வயதளவில்தான் முதிரும், அதுவரை உடம்பை வளர்க்கும். பெரிய ஆண்கள் நிறைந்த ஏரியில் இளையவை காத்திருந்து வளர்கின்றன. பெரியவற்றை நாங்கள் அள்ளிவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. இளையவை சின்ன உடம்போடேயே முதிர்ந்துவிடும், வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். சில வருசத்தில் ஏரி நிறைய மீன் இருக்கும், எல்லாம் தீப்பெட்டி அளவில்.

நான் எடுப்பது 16 முதல் 19 சென்ரிமீற்றர் வரையானவை, குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு எட்டு, பத்து. உள்ளங்கையை மீறியதையும் கூட்டில் நின்றதையும் விட்டுவிடுவேன். சட்டம் இதைவிட அதிகம் எடுக்க அனுமதிக்கலாம். வாளி நிறையப் பெரிய ஆண்களோடு போகிறவரைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது, கிட்டப்போய் மரியாதையாய்ச் சொல்வேன். பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

உயிரோடு கொண்டுபோய் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள குளத்தில் விடலாமா?

கூடாது. அனுமதியின்றி ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு உயிர்மீனை மாற்றுவது சட்டவிரோதம்.

நல்லெண்ணத்தோடு செய்தாலும் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் சான்று. 1960-இல் பட்டத்து இளவரசர் அக்கிஹித்தோ அமெரிக்கா போனபோது சிக்காகோ மேயர் அவருக்குப் புளூகில்களைப் பரிசளித்தார். உணவுக்கு உதவும் என்று அவர் அவற்றை மீன்வள ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்தார். அவற்றின் வழிவந்தவை நாடெங்கும் பரவி, பிவா ஏரியின் சொந்த மீன்களையே நெருக்கின. 2007-இல், பேரரசராக, இதனால் மனம் வருந்துவதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் தாமே மீன்களை ஆராய்ந்த அறிஞர்.

சமையல்?

குடலை எடுத்து உடனே ஐஸில் வையுங்கள், வெயிலில் வாளித் தண்ணீரில் போட்டுவைத்த மீன் மணக்கும். செதிலைக் கரண்டி விளிம்பால் வாலிலிருந்து தலைப்பக்கம் சுரண்டினால் இலகுவாய் வரும். இரண்டு பக்கமும் எலும்புவரை மூன்று நான்கு கீறல் போட்டு, உப்பு, மஞ்சள், தனி மிளகாய்த்தூள், தேசிக்காய்ப்புளி பூசி அரை மணி நேரம் வையுங்கள். தாச்சியில் எண்ணெய் நன்றாய்க் காய்ந்தபின் போட்டு, ஒரு பக்கம் முறுகும்வரை திருப்பாமல் விடுங்கள். செட்டைகள் அப்பளம்போலப் பொரியும், பிள்ளைகள் முதலில் அதைத்தான் முறித்துத் தின்பார்கள். விலா முள் மெல்லியது, சின்னவர்களுக்குச் சதையை உதிர்த்துக் கொடுங்கள்.

எந்த ஏரி மீனை மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி ஒன்று வைத்திருக்கிறது. பெரிய வேட்டை மீன்களோடு ஒப்பிட்டால் பான்ஃபிஷில் பாதரசம் பொதுவாகக் குறைவு, ஆனாலும் கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி நிரல் உண்டு. ஏரியின் பெயரைத் தேடி அதைப் பார்த்துவிட்டே சட்டியை வையுங்கள்.